நடை தளருமுன்

தமிழில் ‘நடை’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. காலால் நடப்பதும் நடை, எழுதும் முறையும் நடை, ஒழுக்கமும் நடை, வீட்டு வாயிலை அடுத்த இடைகழியும் நடை. பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் நாம் விவாதித்து வந்ததெல்லாம் எழுத்து நடையைப் பற்றியே. இந்த மலருக்கு நான் எடுத்துக்கொண்டது கால் நடை. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடுவயதில் நடை தளர்ந்துபோகிறது. அத்தளர்ச்சி வெளிப்படும் முன்பே அதன் தடத்தை மூளையில் காண மனிதர் முயன்ற வரலாறே இக்கட்டுரையின் பொருள். மருத்துவம் எழுதும் தகுதி எனக்கில்லை. சொற்களின் வழியே சென்று பார்க்கும் தமிழாசிரியையின் முயற்சி என்றே இதனைக் கொள்ளவேண்டும். நோயைப் பற்றிய கட்டுரையைத் திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் தொடங்குவது நம்மவர் மரபு. அன்பர்கள் அனைவரும் அதனை அறிவர் என்பதால் இம்முறை விட்டுவிடுகிறேன்.

நாம் கூடும் கனகசெட்டிக்குளம் எல்லையூர். காலாப்பட்டுப் பகுதி புதுச்சேரிக்கு உரியது. ஆனால் நகரத்திலிருந்து இங்கு வர நடுவே தமிழ்நாட்டின் கோட்டக்குப்பத்தைக் கடந்தாகவேண்டும். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வரைந்த கோடுகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. எல்லையூர்களுக்கே உரிய மதுக்கடைகளும் அவற்றை நாடி வருவோரும் நமக்குப் புதியவர் அல்லர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவர் கால்களை அகற்றி வைத்துத் தடுமாறி நடந்தால் நம் கண் உடனே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது: குடித்திருக்கிறார். பெரும்பாலும் அத்தீர்ப்பு சரியாகவே இருக்கும். எப்போதோ ஒரு முறை அது கொடுமையான தவறாகிவிடுகிறது.

குடித்தவரின் நடையும் நான் சொல்லவரும் நோயாளியின் நடையும் ஒத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தலையின் பின்புறம், பிடரிக்கு மேலே அமைந்த சிறுமூளைதான் உடலின் அசைவுகளை அளந்து ஒழுங்குபடுத்துகிறது. மது அதனைச் சில மணிநேரம் குலைக்கிறது. நோயோ அதனை ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்லத் தேய்க்கிறது. பலருக்கு முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் படியிறங்கும்போது ஒரு தயக்கம் தோன்றும். பின்னர்க் கையெழுத்து கோணும், பேச்சு குழறும், முடிவில் விழுங்குதலும் அரிதாகும். அறிவு பெரிதும் தெளிவாகவே இருக்கும். தன்னைக் குடிகாரன் என்று ஊர் சொல்வது அந்த மனிதருக்கு நன்றாகவே கேட்கிறது. மருத்துவர் இதனை முதுகுத்தண்டு-சிறுமூளைத் தள்ளாட்டம் என்றும், சுருக்கமாக எஸ்.சி.ஏ. என்றும் வழங்குவர். இதில் பல வகைகள் உண்டு. கண்டறியப்பட்ட வரிசையில் எண்ணிட்டிருக்கிறார்கள்.

நம் சித்த மருத்துவர் நாடி, நா, நிறம், மொழி, விழி முதலாக எண்வகைத் தேர்வுகளால் நோயைக் கணித்தனர். நடுக்கமும் தடுமாற்றமும் அவர்களால் வாத நோய்களுள் வைத்துப் பேசப்பட்டன. ‘மொழி’ ஒரு தேர்வாக இருந்தது என்பது நம்மைப் போன்றோர்க்குச் சிறிது பெருமைதான். இருப்பினும் இவை எட்டும் நோய் உடலில் வெளிப்பட்ட பின்னரே பயன்படுவன. ஐரோப்பிய மருத்துவமும் நெடுங்காலம் இதே நிலையில்தான் இருந்தது.

அங்கு மாற்றம் குடும்பத்தைப் பார்க்கத் தொடங்கியபோது நிகழ்ந்தது. 1863ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து ஃபிரீட்ரைக் உடன்பிறந்தோரிடையே தோன்றும் ஒருவகைத் தள்ளாட்டத்தை விவரிக்கத் தொடங்கினார். 1872இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் இளைஞர் ‘கொரியா’ எனும் ஆட்ட நோய் குறித்துக் கட்டுரை ஒன்றைப் படித்தார். அவருடைய தந்தையும் பாட்டனாரும் லாங் தீவில் மருத்துவர்களே. மூன்று தலைமுறை மருத்துவர் ஒரே ஊரின் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்துவந்ததால்தான், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரக்கூடும் என்பதும், தப்பிய பிள்ளையின் வழியில் அது அறுந்துபோகும் என்பதும் தெளிவாயின. 1893இல் பாரிசில் பியர் மரி, சிறுமூளையைச் சார்ந்த பரம்பரைத் தள்ளாட்டத்தைத் தனி நோயாக வகுத்துரைத்தார்.

பாரிசில் இவை நடந்துகொண்டிருந்த காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு மண். இங்கு 1823இலேயே பிரெஞ்சு அரசு மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தது. 1956இல் உருவாகி 1964இல் ஜிப்மர் எனப் பெயர் பெற்ற நிறுவனம் தன் வேரை அந்தப் பள்ளியில்தான் காண்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் பழக்கத்தையும் பிரெஞ்சு ஆட்சி இங்கு வேரூன்றச் செய்தது. குலநோயைத் தேடுவோர்க்கு அத்தகைய பதிவேடு ஸ்கேன் கருவிக்கு நிகரானது. யார் யாருக்குப் பிறந்தவர், எத்தனை வயதில் மறைந்தவர் என்பது தெரிந்தால்தான் குடிவழியை வரைய முடியும். குடிவழி வரைந்த பின்னரே எந்தக் கிளையில் நோய் இறங்குகிறது என்று காணலாம். சோழர் கால மெய்க்கீர்த்திகளில் அரச மரபை அடுக்கடுக்காகச் சொல்லிப் பழகிய நமக்கு, சாதாரணக் குடும்பங்களின் வழிமுறையை எழுதிவைக்கும் வழக்கம் அரிதாகவே இருந்தது.

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான் ஷட் என்பவர் தம் குடும்பத்தின் ஆறு தலைமுறைகளை ஆராய்ந்து 1950இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தம் குலத்தை வாட்டிய நோயைப் புரிந்துகொள்ளவே மருத்துவம் கற்றவர் அவர். 1957இல் தள்ளாட்ட நோயாளர்க்காக ஓர் அமைப்பையும் நிறுவினார். முடிவில் அந்த நோயே அவரையும் கொண்டுபோயிற்று. ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் ஒருவரேயான இந்த வாழ்க்கை ஒரு காப்பியத்துக்கு உரியது. நம் கவிஞர் எவரேனும் கருத்தில் கொள்ளலாம். இந்தியாவில் பம்பாயின் நோஷிர் வாடியா, சுவாமி என்பாருடன் இணைந்து, 1971இல் ஒன்பது குடும்பங்களை ஆராய்ந்து, தள்ளாட்டத்தோடு கண்ணசைவும் மந்தமாகும் ஒரு வகையை உலகுக்கு அறிவித்தார். பார்வையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவவிடும் வேகம் அந்நோயாளரிடம் குறைந்திருந்தது. கருவி எதுவுமின்றிக் கூர்ந்த கவனிப்பால் பெற்ற முடிவு அது. பின்னாளில் எஸ்.சி.ஏ. 2 எனப் பெயர் பெற்ற வகையோடு இது பெரிதும் பொருந்தியது.

1993ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஹண்டிங்டன் நோய்க்குரிய மரபணு அவ்வாண்டில் கண்டறியப்பட்டது. ஹூடா சோக்பியும் ஹாரி ஆரும் எஸ்.சி.ஏ. 1 வகையின் மரபணுவை ஆறாம் குரோமோசோமில் கண்டனர். ஷட் குடும்பத்தார் ஆய்வுக்கு அளித்த ஒத்துழைப்பு அதற்குத் துணைநின்றது. இரண்டு நோய்களிலும் பிழை ஒரே தன்மையது. மரபணுவில் சி, ஏ, ஜி என்னும் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப அடுக்கி வருகிறது. எல்லாரிடமும் அது அடுக்கித்தான் வருகிறது. அளவு மிகும்போது நோயாகிறது.

இந்த இடத்தில் இலக்கணம் படித்தவர் வியப்படையாமல் இருக்க இயலாது. தொல்காப்பியர் எச்சவியலில் அடுக்குக்கு வரம்பு கட்டுகிறார்: இசை நிறைக்க வரும் அடுக்கு நான்கு, விரைவு பற்றி வரும் அடுக்கு மூன்று. அந்த எல்லையைக் கடந்தால் தொடர் பொருளிழந்து வெற்றோசையாகிவிடும். எஸ்.சி.ஏ. 1 மரபணுவிலும் இத்தகைய வரம்பு இருக்கிறது. நலமுள்ளவரிடம் அடுக்கு இருபதைக் கடந்து நீளும்போது நடுவே சி, ஏ, டி என்னும் வேறு தொடர் புகுந்து அதனை முறிக்கிறது. வெண்பாவில் தனிச்சொல் நின்று ஓசையை நிறுத்திப் பின் தொடரவிடுவது போன்றது இது. நோயுள்ளவரிடம் அந்த இடையீடு இல்லை. நாற்பதை ஒட்டியோ அதனைக் கடந்தோ ஒரே தொடர் இடைவிடாமல் அடுக்குகிறது. இடையீடு இழந்த அடுக்கு நிலையற்றது. அடுத்த தலைமுறைக்குச் செல்லும்போது மேலும் நீளக்கூடும், சிறப்பாகத் தந்தை வழியே செல்லும்போது. நீள நீள நோய் தோன்றும் வயது முந்துகிறது. பாட்டனாருக்கு ஐம்பதில் வந்தது பேரனுக்கு முப்பதில் வருவது இதனால்தான். ‘சாபம் வளர்கிறது’ என்று கிராமத்தில் சொல்வார்கள். வளர்வது சாபமன்று, அடுக்கு.

இந்நோய் எங்கோ வெளிநாட்டில் உள்ளது என்று எண்ணவேண்டா. தென்னிந்தியாவில் எஸ்.சி.ஏ. 1 குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகிறது. 2005இல் சென்னை மருத்துவர்கள், தம்முள்ளேயே மணவுறவு கொள்ளும் ஒரு தமிழ்ச் சமூகத்தில் இவ்வகை மிகுந்திருப்பதை நியூராலஜி இந்தியா இதழில் வெளியிட்டனர். அச்சமூகத்தின் பெயரை நான் இங்கு எழுதவில்லை. ஆய்விதழில் அது தரவு. ஊருக்குள் வந்தால் வசையாகிவிடும். இலங்கையிலும் பரிசோதனைக்கு வந்த குடும்பங்களில் எஸ்.சி.ஏ. 1 முதலிடம் பெறுவதை 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே விலக்கவேண்டும். இத்தகைய நோய்க்குச் சொந்தத்தில் மணம் முடித்ததே காரணம் என்று பலர் கருதுகின்றனர். புதுச்சேரியில் உறவுமுறை மணங்களின் விளைவுகளை மருத்துவர்கள் நெடுநாள் முன்பே ஆராய்ந்திருக்கின்றனர், ஐ.சி. வர்மா, பிரேமா, பூரி ஆகியோரின் கட்டுரை 1992இல் வெளிவந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் நோய்களில், மாமன் மகளை மணப்பது ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. எஸ்.சி.ஏ. 1 அந்த இனத்தது அன்று. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அத்தை மகனை மணந்தாலும் அயலூரில் மணந்தாலும் கணக்கு மாறாது. ஆனால் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், என்றோ ஒரு மூதாதையிடம் தோன்றிய பழுது அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றித் திரளும். அதே ஐ.சி. வர்மாவின் பெயரை 2001இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையிலும் காண்கிறோம். பாரிசின் அலெக்சிஸ் பிரிசு குழுவினரோடு சேர்ந்து இந்தியக் குடும்பம் ஒன்றில் எஸ்.சி.ஏ. 12 வகையை அடையாளம் கண்ட கட்டுரை அது. பியர் மரி காலத்தில் தொடங்கிய பாரிசின் தேடல் இந்தியக் குடும்பங்களை வந்தடைந்ததை அதில் காணலாம்.

இனிப் படத்தின் கதை. உயிரோடிருப்பவரின் மூளையைக் காண்பது நெடுங்காலம் கனவாகவே இருந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1918, 1919ஆம் ஆண்டுகளில் மூளையின் நீரறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் காற்று நின்ற இடம் தெரியும். அதனைக் கொண்டு மூளையின் வடிவத்தை ஊகிக்கலாம். ஆலிலையின் நரம்பை அறிய இலையைச் சுற்றியுள்ள வெளியை வரைவது போன்ற முறை. நோயாளிக்குப் பொறுக்கவொண்ணாத தலைவலி தந்த சோதனை அது. நலமாயிருப்பவர்க்கு அதனைச் செய்வதை எண்ணியும் பார்க்க முடியாது. நம் பக்கத்தில் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கியபோது கையிலிருந்த படமுறைகள் மிகச் சிலவே. அவர்களின் துணிவை இன்று அளவிடுவது கடினம்.

1971 அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனில் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. அதனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். நாய் அமர்ந்து பாட்டுக் கேட்கும் சின்னம் பொறித்த எச்.எம்.வி. இசைத்தட்டுகள் அந்நிறுவனத்தைச் சார்ந்தவையே. நம் பாட்டனார் காலத்து வீடுகளில் பாடிய பெட்டிக்கும் மூளைப் படத்துக்கும் இப்படியொரு உறவு. எனினும் சிறுமூளையைப் பொறுத்தவரை சி.டி. முழுப்பயன் தரவில்லை. அதனைச் சூழ்ந்த தடித்த எலும்பு படத்தில் கோடுகளை இழுத்துவிடும். மேலும் அது எக்ஸ்ரே கதிரால் இயங்குவது. நோயில்லாத ஒருவரை ஆண்டுதோறும் அதற்கு உட்படுத்துவது முறையாகாது.

இரண்டு தடைகளையும் நீக்கியது காந்த ஒத்ததிர்வுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ. உடலில் நீர் இருக்கும் இடமெல்லாம் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. வலிய காந்தத்துள் அவற்றின் கருக்களில் ஒரு பகுதி ஒரு திசையில் அணிவகுக்கும். வானொலி அலையால் தட்டினால் திசை மாறி, பின் பழைய நிலைக்கு மீளும். மீளும் வேகம் திசுவுக்குத் திசு வேறுபடும். அந்த வேறுபாடே படமாகிறது. 1973இல் பால் லாட்டர்பர் முதல் படத்தை வெளியிட்டார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவுக்கு இக்கருவி 1986இல் தில்லியில் வந்தது. கதிரியக்கம் இல்லாததால் ஒருவரையே ஆண்டுக்கு ஆண்டு படமெடுத்து ஒப்பிட முடிந்தது. குலநோய் ஆய்வுக்கு இவ்வொப்பீடே உயிர்நாடி. ஒரு படம் நிலையைச் சொல்லும். தொடர்ந்து எடுத்த படங்கள் போக்கைச் சொல்லும்.

ஹண்டிங்டன் நோயில் ‘டிராக்-எச்.டி.’ என்னும் ஆய்வு இலண்டன், பாரிஸ், லைடன், வான்கூவர் ஆகிய நான்கு நகரங்களில் 366 பேரைச் சேர்த்துக்கொண்டது. அதன் முதல் முடிவுகள் 2009இல் வெளிவந்தன. மரபணுவைப் பெற்றும் நோய் தோன்றாதவர்களின் மூளை ஆழத்திலுள்ள சில பகுதிகள், நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் இருக்கையிலேயே சுருங்கத் தொடங்கியிருந்தன. 2013இல் வெளியான ஐரோப்பிய ‘ரிஸ்கா’ ஆய்வு எஸ்.சி.ஏ. குடும்பங்களைப் பற்றியது. எஸ்.சி.ஏ. 1, 2 ஆகியவற்றின் மரபணுவைப் பெற்று, தள்ளாட்டம் இன்னும் தோன்றாதவரிடம் மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் திசுக்குறைவு தென்பட்டது. நடை செம்மையாகவே இருந்தது. தேய்மானம் முன்பே தொடங்கிவிட்டது.

ஆனால் படம் சோதிடமன்று. பலரைச் சேர்த்துக் கணக்கிடும்போது புலப்படும் குறைவைக் கொண்டு, ‘உமக்கு இன்ன ஆண்டில் நோய் வரும்’ என்று ஒரு தனிமனிதரிடம் கூறிவிட முடியாது. பின் ஏன் படம்? மருந்துக்காக. எஸ்.சி.ஏ. 1 வகையைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியுமே துணை. வருங்காலத்தில் ஒரு மருந்து கிடைத்தால் அதனைச் சிறுமூளை தேய்ந்தபின் கொடுப்பதைவிடத் தேயுமுன் கொடுப்பதே அறிவுடைமை. நடப்பவருக்குக் கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்பதை நடையைப் பார்த்து எப்படி அறிவது? படத்தின் அளவே சான்று. ஆகவே நோயில்லாத உறவினர் ஆய்வுக்கு வரவேண்டியிருக்கிறது. இங்குதான் அறிவியலின் கேள்வி குடும்பத்தின் கேள்வியாகிறது.

நான்சி வெக்ஸ்லரின் வாழ்வு இதற்குச் சான்று. 1978இல் ஹண்டிங்டன் நோயால் தாயை இழந்தவர் அவர். வெனிசுவேலாவின் மாரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களைத் தேடிச்சென்று, மரபணுவைக் கண்டறியும் பணியை முன்னின்று நடத்தினார். அப்பணியால் பிறந்த சோதனையைத் தாம் மட்டும் செய்துகொள்ளவில்லை. அந்நோய் தமக்கும் வந்திருப்பதை 2020இல் உலகுக்குத் தெரிவித்தார். அறிவதற்கு உரிமை உண்டென்றால் அறியாதிருப்பதற்கும் உரிமை உண்டு என்பது அவர் வாழ்ந்து காட்டிய நிலைப்பாடு.

நம் ஊரில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. இங்கு அறிதல் ஒருவரோடு நிற்பதில்லை. அக்காள் சோதனை செய்துகொண்டால் தங்கையின் வரன் தட்டிப்போகும். என் பழைய மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒப்புதல் படிவத்துடன் வந்தார். வயது 26. தந்தையின் நடையை ஊர் பல்லாண்டு குடியென்றே சொல்லியிருந்தது. காரணம் குலநோய் என்பது மிகப் பிந்தியே தெரிந்தது. மரபணுச் சோதனையும் ஆண்டுதோறும் மூளைப் படமும் கொண்ட ஓர் ஆய்வில் சேர அவரை அழைத்திருந்தனர். இத்தகைய படிவங்கள் பங்கேற்பவர் அறிந்த மொழியில் அமையவேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. தமிழில்தான் இருந்தது. ஆனால் புரியவில்லை என்று கொண்டுவந்திருந்தார். படித்துப் பார்த்தேன். அவரை ஓரிடத்தில் ‘நோயாளி’ என்றது. வேறிடத்தில் ‘நோய் கடத்தி’ என்றது, ஏதோ கடத்தல்காரரைச் சொல்வதுபோல. பிறிதோரிடத்தில் ‘பாதிக்கப்படாத நபர்’ என்றது. மூன்றும் ஒருவரையே குறித்தன. மூன்றும் அவருக்குப் பொருந்தவில்லை. சோதனையே இன்னும் செய்யப்படவில்லை என்பதையும் படிவம் மறந்திருந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், வளர்கருவின் மூளையை 5,132 மென்சீவல்களாகப் படமெடுத்து ‘தரணி’ என்னும் தொகுப்பாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. பெயரைக் கேட்டதும் மனம் நிறைந்தது. செல் செல்லாக மூளையை நம் மண்ணிலிருந்தே காட்ட முடிகிறது. அதே மண்ணில், நோய் வரக்கூடிய, ஆனால் இன்னும் வராத ஒரு பெண்ணை எச்சொல்லால் அழைப்பது என்பதற்கு விடை இல்லை. தமிழில் முக்காலமும் உண்டு. ‘வருநோயர்’ என்று எதிர்காலத்தில் வைத்தால், வந்தே தீரும் என்ற உறுதி ஏறிவிடுகிறது. ‘நலமுள்ளவர்’ என்றால், படத்தில் தெரியக்கூடிய தேய்மானத்தை மறுத்ததாகிவிடுகிறது. ‘வழியினர்’ என்று எழுதிப் பார்த்தேன்: இன்ன குடும்பத்தின் வழி வந்தவர் என்பதற்கு மேல் எதனையும் அது சொல்லாது. படிவத்தில் அந்த மூன்று சொற்களையும் அடித்துவிட்டு, இருந்த இடத்திலெல்லாம் அதனையே எழுதிக்கொடுத்தேன். மாணவி படித்துப் பார்த்து, ‘இது பரவாயில்லை அம்மா, அப்பாவுக்கும் புரியும்’ என்று வாங்கிக்கொண்டார். கையெழுத்திட்டாரா என்று நான் கேட்கவில்லை. இதைவிடத் தகுந்த சொல் கவிஞர் எவரிடமேனும் இருந்தால், அடுத்த கூட்டத்தில் தரலாம்.